முதுமையும் சொந்த வீடும்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார்" என்பது நம் நாட்டுப் பழமொழி. இவ்விரண்டும் எத்துணை இடர்ப்பாடு நிறைந்த காரியங்கள் என்பதை அது நன்கு உணர்த்துகின்றது. இவ்விரண்டினும் கடினமான மூன்றாவது காரியம் ஒன்று உண்டு. பழமொழி அதைச் சொல்லாமல் விட்டுவிட்டது. அரும்பாடுபட்டுக் கட்டிய வீட்டை, அதிலேயே பல்லாண்டு வாழ்ந்த பின்னர், முதுமைக் காலத்தில் விற்பதே அந்த மூன்றாவது காரியம். அதைப் பற்றியே இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

பழமொழி இதைச் சொல்லாமைக்குக் காரணம் உண்டு. முன்னாளில் வீட்டை விற்பது குடும்பம் நொடித்துப்போனதற்கு அடையாளமாகக் கருதப்பட்டது. தந்தையின் வீட்டில் மகன் வாழ்ந்தான். மகனின் உழைப்பில் தந்தை முதுமையைக் கழித்தார். வீடு விற்பனைப் பொருளாக இருக்கவில்லை. அது ஒரு தலைமுறை மற்றொரு தலைமுறையின் கையில் வைத்துவிட்டுப் போகும் விளக்காக இருந்தது. ஆகவே, "வீட்டை விற்றுவிட்டாராம்" என்று ஊரார் சொன்னால், அச்சொல்லில் இரக்கமும் இகழ்ச்சியும் கலந்தே இருந்தன. அந்த அச்சம் இன்றும் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

ஆனால் காலம் மாறிவிட்டது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே இந்நாட்டில் அறுபது வயதைக் கடந்தோர் பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர். தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அவ்வயதினர். பிள்ளைகள் வேலையை நாடி வெளியூரும் வெளிநாடும் சென்றுவிட்டனர். ஓய்வூதியமோ எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. தமிழ்நாட்டு அரசுப் பணியில் 2003 ஏப்ரல் 1ஆம் தேதிக்குப் பின் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதிய முறை நிறுத்தப்பட்டது. தனியார் தொழிற்சாலைகளில் உழைத்தோருக்கான 1995ஆம் ஆண்டுத் திட்டத்தில் குறைந்த அளவு ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் வகுக்கப்பட்டது. ஆயிரம் ரூபாயில் ஒரு மாதத்து மருந்துக்கும் ஆகுமா? ஆகவே, நடுத்தரக் குடும்பத்தார் பலருக்கு வாழ்நாள் சேமிப்பு முழுவதும் செங்கல்லாகவும் சிமெண்டாகவும் நின்றுகொண்டிருக்கிறது. கையில் காசு இல்லை. காலடியில் கோடி ரூபாய் மண் இருக்கிறது. இதுவே இன்றைய முதியோர் பலருடைய நிலை.

இதை நான் ஏட்டில் படித்துக் கூறவில்லை. நானும் என் மனைவியும் 1983ஆம் ஆண்டு நங்கநல்லூரில் ஒரு வீடு கட்டினோம். அந்நாளில் அவ்வூர் ஆலந்தூர் நகராட்சியைச் சேர்ந்தது. 2011இல்தான் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. மனை அரைக் கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி. அரசுப் பள்ளி ஆசிரியனாகிய நான் வீடு கட்டும் முன்பணம் பெற்று, மாதந்தோறும் சம்பளத்தில் பிடித்தம் கொடுத்து அடைத்தேன். கிணறு வெட்டினோம்; ஒரு தென்னையும் ஒரு முருங்கையும் வைத்தோம். பின்னர் மாடியில் ஓர் அறை எழுப்பினோம். மகனும் மகளும் அவ்வீட்டிலேயே வளர்ந்து, அங்கிருந்தே மணம் முடித்து வெளியூர் சென்றனர்.

2008ஆம் ஆண்டு, 58 வயதில், நான் பணியிலிருந்து ஓய்வு பெற்றேன். அவ்வாண்டே என் மனைவி ஒரு நாள் சொன்னார்: "நமக்கு இந்த வீடு பெரிது. முழங்கால் தேயத் தேய மாடிப்படி உயரம் குறையப் போவதில்லை. சிறிய வீடாகப் பார்த்துக்கொண்டு போய்விடலாம்." நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. "கட்டியவன் உயிரோடு இருக்கும்போது வீட்டை விற்பதா?" என்று கேட்டேன். அது கேள்வியன்று, செருக்கு. அந்தச் செருக்குக்கு நாங்கள் கொடுத்த விலையைப் பின்னர் உணர்ந்தேன்.

2015 டிசம்பர் பெருமழையில் வாசல்வரை நீர் வந்தது. 2016 டிசம்பர் 12ஆம் தேதி வீசிய வர்தா புயலில் தென்னை சாய்ந்து மதிற்சுவரை உடைத்தது. ஓராண்டு மேல்தளம் ஒழுகும். மறு ஆண்டு கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொள்ளும். கொத்தனாரையும் குழாய் வேலைக்காரரையும் தேடி அலைவதே என் ஓய்வுக்கால உத்தியோகமாயிற்று. மாடியறைக்கு நாங்கள் ஏறிப் பல ஆண்டுகள் ஆயின. 2023ஆம் ஆண்டு, கொல்லைப்புறத்துத் துவைக்கும் கல்லருகே வழுக்கி விழுந்து என் மனைவிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. குளியலறையோ கொல்லையைக் கடந்து இருந்தது. மூன்று மாதம் நான் பட்ட பாட்டைவிட அவர் பட்ட பாடு பெரிது. அப்போதும் அவர், "நான் அன்றே சொன்னேன்" என்று ஒருமுறையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

2025ஆம் ஆண்டு தொடக்கத்தில் வீட்டை விற்றோம். தாமதித்ததனால் விலை ஏறியது உண்மைதான். அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் அந்த உயர்வைக் கொண்டு அப்பதினேழு ஆண்டுகளில் ஓர் ஆண்டையேனும் திரும்ப வாங்க இயலாது. நான் கற்ற முதற்பாடம் இதுவே: விற்கும் காலத்தை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும்; நோய் தேர்ந்தெடுக்குமாறு விட்டுவிடலாகாது. மருத்துவமனையிலிருந்துகொண்டு விலை பேசுகிறவனுக்கு நல்ல விலையும் கிடைக்காது. நல்ல யோசனையும் தோன்றாது.

ஆயினும், முதியோர் யாவரும் வீட்டை விற்றே தீரவேண்டும் என்று நான் கூறவில்லை. முன்னே நான்கு வழிகள் உள்ளன. நான்கையும் எண்ணிப் பார்த்த பின்னரே ஒன்றைக் கொள்ள வேண்டும்.

முதல் வழி, வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டு மறு பகுதியில் வாழ்வது. உடல் நலமும் நல்ல குடித்தனக்காரரும் வாய்த்தால் இது சிறந்ததே. வாடகையும் வரும், இரவில் குரல் கொடுத்தால் கேட்கவும் ஆள் இருக்கும். எனினும், பழுது பார்க்கும் பொறுப்பு நம் தலைமேலேயே இருக்கும்.

இரண்டாம் வழி, கட்டுமானக்காரரிடம் மனையைக் கொடுத்து, அடுக்குமாடி எழுந்தபின் அதில் ஓரிரு வீடுகளைப் பங்காகப் பெறுவது. சென்னையில் பல தெருக்கள் இவ்வாறே உருமாறின. பழகிய தெருவிலேயே மின்தூக்கியுள்ள புது வீடு கிடைப்பது இதன் சிறப்பு. ஆனால் மனையின் பிரிபடாத பாகம் பிறருக்குப் போய்விடுகிறது. கட்டி முடியும்வரை வாடகை வீட்டில் இருக்க வேண்டும். பதினெட்டு மாதம் என்று சொன்ன வேலை மூன்றாண்டு நீள்வதுண்டு. முப்பது வயதுக்காரன் காத்திருக்கலாம். எழுபத்தைந்து வயதுக்காரன் எத்தனை மாதம் காத்திருப்பது? பொது அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் நம் பக்கத்து வழக்கறிஞர் ஒருவர் அதை வரிவரியாகப் படித்தல் வேண்டும்.

மூன்றாம் வழி, ரிவர்ஸ் மார்ட்கேஜ் என்னும் தலைகீழ் அடமானம். 2007ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பெற்று, 2008இல் அரசிதழில் வெளியான திட்டம் இது. அறுபது வயது கடந்தவர் தாம் சம்பாதித்துக் கட்டி, தாமே குடியிருக்கும் வீட்டை வங்கியில் ஈடு வைத்தால், வங்கி மாதந்தோறும் அவருக்குப் பணம் கொடுக்கும். வாழ்நாள் முழுவதும் அவர் வீட்டிலேயே இருக்கலாம். அவருக்கும் துணைவருக்கும் பின்னர், வாரிசுகள் கடனைக் கட்டி வீட்டை மீட்டுக்கொள்ளலாம். இல்லையேல் வங்கி விற்றுக் கடன் போக மிச்சத்தை அவர்களிடம் கொடுக்கும். வீட்டைப் பிரிய மனமில்லாதவர்க்கு ஏற்ற திட்டம்தான். ஆனால் நம் மக்களிடையே அது பரவவில்லை. பிள்ளைகளுக்குக் கடன் வைத்துப் போவதா என்ற தயக்கமும், பரம்பரைச் சொத்தை இதற்கு வைக்க இயலாமையும் இதற்குக் காரணங்கள்.

நான்காம் வழி, விற்றுவிட்டுச் சிறிய வீட்டுக்குச் செல்வது. நாங்கள் இவ்வழியைக் கொண்டோம். ஆகவே, இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

விற்பனைக்கு முதல் வேலை விலை பேசுவதன்று. காகிதங்களைத் தேடி எடுப்பது. கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி வரைபடம், சொத்துவரி ரசீது ஆகிய யாவும் வேண்டும். எங்கள் மனை என் பெயரில் வாங்கியது. ஆதலால் சிக்கல் இல்லை. தந்தை வழி வந்த வீடாயின், அங்கே மகள்களின் உரிமையை மறத்தலாகாது. தமிழ்நாடு 1989ஆம் ஆண்டிலேயே கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பங்கு அளித்துச் சட்டத்தைத் திருத்தியது. எனினும் அதற்குமுன் மணமான மகள்களுக்கு அது பொருந்தவில்லை. 2005ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் அவ்வேறுபாட்டை நீக்கியது. அத்திருத்தத்தின் பயன், தந்தை அந்நாளில் உயிரோடு இருந்தாரா என்பதைப் பொறுத்ததன்று என்று உச்சநீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. தங்கையின் கையெழுத்தைக் கேட்கக் கூச்சப்பட்டுக் கொண்டு விற்பனையைத் தொடங்கியவர்கள், பின்னர் நீதிமன்றப் படிகளில் அதே தங்கையைச் சந்திக்க நேர்ந்ததை நான் அறிவேன்.

அடுத்தது வரி. பழைய வீட்டை விற்றால் வரும் ஆதாயத்துக்கு வருமான வரி உண்டு. 2001 ஏப்ரல் 1ஆம் தேதிக்கு முன் வாங்கியதாயின், அந்நாளைய சந்தை மதிப்பை, அரசு வழிகாட்டி மதிப்பை விஞ்சாத அளவில், அடக்கவிலையாகக் கொள்ளலாம். 2024 ஜூலை 23 முதல் ஆதாயத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டரை வீதம் வரி. அந்நாளுக்கு முன்பே வாங்கிய வீடாயின், விலைவாசி உயர்வைக் கணக்கில் கழித்துக்கொண்டு நூற்றுக்கு 20 வீதம் என்ற பழைய கணக்கையும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம்.

ஓர் உதாரணம் கூறுவேன். ஒருவர் வீட்டை ஒன்றரைக் கோடிக்கு விற்கிறார். 2001இல் அதன் மதிப்புப் பத்து லட்சம் என்று கொள்வோம். ஆதாயம் ஒரு கோடியே நாற்பது லட்சம். ஒன்றும் செய்யாமலிருந்தால் பன்னிரண்டரை வீதக் கணக்கில் வரி பதினேழரை லட்சம். அவர் இரண்டு ஆண்டுக்குள் எழுபது லட்சத்துக்கு வேறு வீடு வாங்கினால், அத்தொகைக்கு வரி இல்லை. ஆறு மாதத்துக்குள் ஐம்பது லட்சத்தை அரசு குறிப்பிட்ட கடன் பத்திரங்களில் ஐந்தாண்டுக்கு முடக்கினால், அதற்கும் வரி இல்லை. எஞ்சிய இருபது லட்சத்துக்கு இரண்டரை லட்சம் கட்டினால் போதும். மேல்வரிகள் தனி. ஆனால் அப்பத்திரங்களுக்கு வட்டி குறைவு. ஐந்தாண்டு பணத்தை எடுக்கவும் இயலாது. வாங்கிய புது வீட்டை மூன்றாண்டுக்குள் விற்றால் சலுகை போய்விடும். வரியை மிச்சப்படுத்தும் ஆர்வத்தில் மருத்துவச் செலவுக்குக் கையில் காசில்லாமல் போகக் கூடாது. வரி கட்டிய பின்னும் நிம்மதி இருக்குமானால், கட்டிவிடுவதே மேல்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டைக் கேட்டு வந்தவர்களுள் ஒருவர், மற்றவர்களைவிடக் கூடுதல் விலை தருவதாகவும், அதில் மூன்றில் ஒரு பங்கைக் கணக்கில் வராத ரொக்கமாகத் தருவதாகவும் கூறினார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்கு நேர்மையைக் கற்பித்தவனுக்கும் கூடுதல் பணம் என்றால் உறக்கம் கெடுகிறது என்பதை அன்று அறிந்தேன். 2015 ஜூன் 1 முதல், சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்குத் தடை உண்டு. வாங்கிய தொகை முழுவதும் தண்டமாகப் போகலாம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கணக்கில் வராத பணத்தை எழுபத்தைந்து வயதில் எங்கே ஒளித்து வைப்பது? அதற்குக் காவலிருப்பதா ஓய்வு? மறுநாள் அவரை வணங்கி அனுப்பிவிட்டோம்.

கைக்கு வந்த பணத்தை என்ன செய்வது? முதலில் தலைக்கு மேல் ஒரு கூரை. அதன் பின்பே மற்றவை. அறுபது வயது கடந்தவர்க்கென 2004இல் தொடங்கிய மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் அஞ்சலகத்திலும் வங்கியிலும் உண்டு. 2023இல் இதன் உச்சவரம்பு 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதமாக வகுக்கப்பட்டது. அவ்வட்டிக் கணக்கில் முப்பது லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். அரசு வட்டியை அவ்வப்போது மாற்றக்கூடும். ஆதலால் சேரும் நாளில் கேட்டறிந்து கொள்ள வேண்டும். அதிக வட்டி என்று ஆசை காட்டும் பெயர் தெரியாத நிறுவனங்களை அணுகவே வேண்டாம். வீடு விற்ற செய்தி, விற்றவரின் உறவினருக்கு எட்டுமுன் இத்தகையோருக்கு எட்டிவிடுகிறது.

பணம் கணவன் பெயரில் மட்டும் இருத்தலும் தவறு. எங்கள் வீட்டில் நாற்பது ஆண்டுகளாகச் சிக்கனம் செய்தவர் என் மனைவி. பத்திரத்தில் இருந்ததோ என் பெயர். புது வீட்டை இருவர் பெயரிலும் பதிவு செய்தோம். சார்பதிவாளர் அலுவலகத்தில் அவர் கைரேகை வைத்து நிமிர்ந்தபோது ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்ததும், "இதையும் அன்றே செய்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

இனிப் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு. வீட்டை விற்கும் செய்தியைக் கேட்டதும் மகன் பணத்தைக் கேட்பான் என்று நான் அஞ்சினேன். அவன் கேட்டது வேறு: "அப்பா, அம்மாவுக்குச் சம்மதமா?" என்றான். அழுதவள் மகள். கட்டிக்கொடுத்துப் பல்லாண்டு ஆகியும், பிறந்த வீடு என்ற ஒன்று இருக்கிறது என்னும் நினைவே அவளுக்கு ஆதரவாக இருந்திருக்கிறது. அவள் கண்ணீரை நான் பேராசை என்று எண்ணியிருந்தால் பெரும்பிழை செய்தவனாவேன்.

எனினும், அன்பு மிகுதியால் இருக்கும் வீட்டையும் பணத்தையும் உயிரோடிருக்கும்போதே முழுவதும் எழுதிக் கொடுத்துவிடுதல் அறிவுடைமை ஆகாது. கொடுப்பதாயின், தம்மைப் பேணவேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் நலச் சட்டத்தின்படி, அந்த நிபந்தனை தவறினால் கோட்டாட்சியர் தலைமையிலுள்ள தீர்ப்பாயத்தை அணுகிக் கொடையை ரத்துச் செய்யக் கோரலாம். ஆனால் மகனை எதிர்த்து மனுக் கொடுக்கும் நிலை எந்தத் தாய்க்கும் வேண்டாம். உயில் எழுதி வைத்தால், நம் காலத்துக்குப் பின் சேரவேண்டியவர்களுக்குச் சேரும். நம் காலம்வரை நம் கையில் இருக்கும்.

எங்கே குடிபோவது என்ற கேள்வியில் நாங்கள் நெடுநாள் தடுமாறினோம். கோயம்புத்தூரைச் சுற்றி முதியோர்க்கென்றே குடியிருப்புகள் பல எழுந்துள்ளன. சமைத்த உணவும் செவிலியரும் உண்டு. சென்று பார்த்தோம், நன்றாகவே இருந்தன. அங்கே போக எண்ணுவோர், மாதக் கட்டணம் ஆண்டுதோறும் எவ்வளவு உயரும், இருவரில் ஒருவர் மறைந்தால் மற்றவர் நிலை என்ன, முன்பணம் திரும்புமா என்ற மூன்றையும் எழுத்தில் பெற வேண்டும். எங்களுக்கு அது ஒத்துவரவில்லை. முதுமையில் மனிதனைத் தாங்குவது சுவர் மட்டுமன்று, தெரு. நம் நோயின் வரலாறு அறிந்த மருத்துவர், கடன் எழுதிக்கொள்ளும் மளிகைக்காரர், இரண்டு நாள் காணாவிட்டால் விசாரிக்கும் கீரைக்காரம்மா ஆகிய இவர்களை எந்தப் பணத்தாலும் புதிதாக வாங்க முடியாது. ஆகவே, பழைய வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில், மின்தூக்கி உள்ள கட்டடத்தில், ஏற்கெனவே கட்டி முடிந்த சிறிய வீடொன்றை வாங்கினோம். இரண்டு அறை, வழுக்காத தரை, படுக்கையறையை ஒட்டிய குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி. இதற்கு மேல் என்ன வேண்டும்?

வீட்டை ஒழிக்க இரண்டு மாதம் ஆயிற்று. நாற்பத்திரண்டு ஆண்டுப் பொருள்கள்! கொல்லையிலிருந்த ஆட்டுக்கல்லை யாரும் எடுத்துக்கொள்ள முன்வரவில்லை. என் மாணவர்களின் பழைய விடைத்தாள்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன; ஏன் வைத்திருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. எதை எடுப்பது என்று தீர்மானிப்பதைவிட, எதை விடுவது என்று தீர்மானிப்பதே முதுமையின் கல்வி. அதையும் உடலில் வலிமை உள்ளபோதே கற்றால், நம் பொருள்களை நாமே உரியவர்க்குக் கொடுக்கலாம். தாமதித்தால், நமக்குப் பின் பிறர் எடைக்குப் போடுவர்.

சாவியைக் கொடுத்த அன்று, வாங்கியவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "கிணற்றை மூடிவிடாதீர்கள், மழைநீர் இறங்கட்டும்" என்றேன். "பார்க்கலாம் ஐயா" என்றார். ஆறு மாதத்தில் வீட்டை இடித்துவிட்டனர். இடிக்கும் செய்தி கேட்டு நான் அப்பக்கமே போகாதிருந்தேன். என் மனைவியோ ஒரு மாலை, ஊன்றுகோலுடன் தனியே நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "என்ன பார்த்தாய்?" என்று கேட்டேன்.

"கிணறு இருக்கிறது" என்றார்.

கட்டிய வீடு போய்விட்டது. அதைக் கட்டியவர்கள் இன்னும் இருக்கிறோம். ஒருவர் கையை ஒருவர் பிடித்து, படி ஏறாமல், மழைக்கு அஞ்சாமல், யாரிடமும் கையேந்தாமல் இருக்கிறோம். வீடு கட்டியது எதற்காக என்று எண்ணிப் பார்த்தால், இதற்காகத்தான் என்று தோன்றுகிறது.